விற்ற பிடிஎஃப் ஜெராக்ஸ் கடையில் தொங்காமல் இருக்க

டெல்லியில் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கூடும் ஓல்டு ராஜேந்திர நகர், படா பஜார் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் அட்டையை நகலெடுக்கப் போயிருந்தேன். கடைப் பையனின் தலைக்கு மேலே ஒரு கம்பி, அதில் ஸ்பைரல் போட்ட குறிப்புப் புத்தகங்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் என்று இந்தியும் ஆங்கிலமுமாக இருந்த கூட்டத்தில் திடீரென்று தமிழெழுத்து கண்ணில் பட்டது.

"தமிழ் ஆப்ஷனல். இரண்டு தாளும் சேர்த்து நூற்றெண்பது, தீதி" என்றான் பையன். குடிமைப்பணித் தேர்வில் தமிழை விருப்பப் பாடமாக எடுப்பவர்களுக்கான குறிப்பு.

புரட்டினேன். 47ஆம் பக்கத்தில் ஐங்குறுநூறு, 'ஐங்குநூறு' என்று அச்சாகியிருந்தது. அந்தப் பிழைக்கு உலகத்தில் ஒரே ஒரு சொந்தக்காரிதான் உண்டு. இணையத்தில் 600 ரூபாய்க்கு நான் விற்றுவந்த குறிப்பு அது. என் பெயர் இருந்த முதல் பக்கத்தை மட்டும் காணவில்லை. 180 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து என் புத்தகத்தை நானே வாங்கிக்கொண்டு கரோல் பாக் வரை நடந்தே வீட்டுக்கு வந்தேன். ரொக்கமாகக் கொடுத்தது ஏன் தவறு என்பது பின்னால் வரும்.

டெல்லியில் இருந்துகொண்டு தேர்வுக் குறிப்பு, குழந்தைகளுக்கான தமிழ்ப் பயிற்சித்தாள், கோலப் புத்தகம், சமையல் தொகுப்பு என்று எதையாவது பிடிஎஃப் ஆக விற்கத் தொடங்கியிருக்கும் தமிழர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதை எப்படிப் பூட்டுவது?" என்பதுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன். பூட்டுக்குச் செலவழித்த நேரத்தில் பாதியை ஒவ்வொரு பிரதியிலும் வாங்கியவர் பெயரை எழுதுவதற்குச் செலவழித்திருந்தால் அந்த 180 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

எது உங்களுடையது?

வேலையை இங்கே தொடங்குங்கள். என் குறிப்பில் குறுந்தொகையின் முதல் 25 பாடல்களும் புறநானூற்றில் 182 முதல் 200 வரையுள்ள பாடல்களும் வருகின்றன. குடிமைப்பணித் தேர்வின் பாடத்திட்டம் அப்படி. அந்தப் பாடல்கள் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. கணியன் பூங்குன்றனாரின் பாட்டை நகலெடுத்துவிட்டான் என்று நான் எவன்மீதும் புகார் கொடுக்க முடியாது. உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தார். ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டுகள் என்பது நம் சட்டத்தின் கணக்கு என்பதால் அவருடைய உரைக்குறிப்புகளையும் தாராளமாக எடுத்தாளலாம். என்னுடையவை என் விளக்கம், நான் போட்ட ஒப்பீட்டு அட்டவணைகள், மாதிரி விடைகள், இவ்வளவுதான். சமையல் தொகுப்பிலும் இதே கதைதான். கால் கிலோ துவரம்பருப்பு என்பது வெறும் தகவல். நீங்கள் எழுதிய செய்முறையும் எடுத்த படங்களும் உங்களுடையவை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. என் முதல் பதிப்பில் இன்றும் உரிமை நீடிக்கும் ஓர் உரையிலிருந்து இரண்டு பக்கம் அப்படியே இருந்தது. கல்லூரி நாட்களில் கையால் எழுதிவைத்த நோட்டிலிருந்து தட்டச்சு செய்தபோது அது யாருடைய சொல் என்பதே மறந்துபோயிருந்தது. அதை நீக்கிய பிறகுதான் அடுத்தவர்மீது புகார் எழுதும் துணிவு வந்தது.

பதிப்புரிமை, எழுதிய கணமே உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவேட்டில் இருக்கும் விவரத்தை நீதிமன்றம் முதல்நோக்குச் சான்றாக ஏற்கும் என்பதால் செய்துவைப்பது நல்லது. இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். பதிப்புரிமை அலுவலகம் நம் துவாரகாவில்தான் இருக்கிறது. விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாட்கள் காத்திருந்துதான் பரிசீலனையைத் தொடங்குவார்கள், அவசரப்படாதீர்கள். ஐ.எஸ்.பி.என். எண் வாங்கிவிட்டால் உரிமை வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது புத்தகத்துக்கு ஓர் அடையாள எண், அவ்வளவே.

கடவுச்சொல்லால் ஆகும் காரியமும் ஆகாத காரியமும்

பிடிஎஃப் கோப்புக்கு இரண்டு விதமான கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று கோப்பைத் திறப்பதற்கு. இது உண்மையான பூட்டு. 256 பிட் ஏஇஎஸ் குறியாக்கமும் நீளமான கடவுச்சொல்லும் இருந்தால் உடைப்பது நடக்கிற காரியமில்லை. ஆனால் வாங்கியவரிடம் சாவியைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அவர் நண்பனுக்குக் கோப்பை அனுப்பும்போது அடுத்த வரியில் கடவுச்சொல்லையும் அனுப்புவார்.

இரண்டாவது, அனுமதிகளுக்கான கடவுச்சொல். 'அச்சிடக் கூடாது, நகலெடுக்கக் கூடாது' என்பதெல்லாம் இதில் அடங்கும். இங்கேதான் புதிதாக வருபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். கோப்பு எல்லோருக்கும் திறக்கும். உள்ளே ஒரு குறிப்பு மட்டும் இருக்கும், அச்சிடாதே என்று. அந்தக் குறிப்பை மதிப்பதும் மதிக்காததும் படிக்கும் செயலியின் விருப்பம். அதை ஒரு நிமிடத்தில் கழற்றித்தரும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. பெரிய நிறுவனங்களின் பூட்டுகளே நிற்கவில்லை. அடோபியின் மின்னூல் பூட்டைக் கழற்றும் மென்பொருளை எழுதியதற்காக திமித்ரி ஸ்கல்யாரோவ் என்ற ரஷ்ய நிரலாளரை 2001 ஜூலையில் லாஸ் வேகஸில் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அவருடைய நிறுவனத்தைக் குற்றமற்றது என்று நடுவர் குழு விடுவித்தது. எந்தப் பூட்டாக இருந்தாலும், திரையில் தெரிகிற பக்கத்தை இன்னொரு கைபேசியால் படமெடுப்பதைத் தடுக்க வழியில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இரண்டாவது கடவுச்சொல்லைப் போடுங்கள் என்பேன். காரணம் சட்டத்தில் இருக்கிறது. 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்துடன் ஒரு தொழில்நுட்பத் தடுப்பைக் கழற்றுவதே குற்றம். இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அபராதமும் உண்டு. தாழ்ப்பாள் லேசானதாக இருக்கலாம், ஆனாலும் தாழிட்டிருந்த கதவைத் திறந்துகொண்டு வந்தவன் 'தெரியாமல் நுழைந்துவிட்டேன்' என்று சொல்ல முடியாது.

லிப்ரேஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் இதற்கு இரண்டு நிமிடம் போதும். கோப்பு மெனுவில் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும் சாளரத்தைத் திறந்து, பாதுகாப்புத் தாவலுக்குப் போய், அனுமதிக் கடவுச்சொல்லை மட்டும் கொடுங்கள். அச்சிடுவதை அனுமதித்துவிடுங்கள். 300 பக்கத்தைக் கைபேசியில் படிக்கச் சொல்வது மாணவருக்குக் கொடுமை. உள்ளடக்கத்தை நகலெடுப்பதை மறுத்தாலும், பார்வையற்றோருக்கான கருவிகள் உரையைப் படிக்கலாம் என்ற பெட்டியில் மறக்காமல் டிக் வையுங்கள்.

எல்லாப் பக்கங்களையும் படமாக மாற்றிவிடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கோப்பு வீங்கும், தேட முடியாது, திருடனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப்களில் நகலெடுத்தால் புரியாத குப்பைதான் வரும். அதையே ஒரு பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். நாளைக்கு உங்கள் வாக்கியம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று நீங்களே தேடும்போது அந்தக் குப்பை உங்களுக்கும் அகப்படாது. யூனிகோடிலேயே இருங்கள்.

சொந்தச் செயலிக்குள் மட்டும் திறக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுக்கவிடாத சேவைகளும் உண்டு. நான் மூன்று மாதம் கட்டணம் கட்டிப் பார்த்தேன். அந்த மூன்று மாதமும் மாணவர்கள் புறநானூற்றில் சந்தேகம் கேட்கவே இல்லை. "மேடம், திறக்க மாட்டேன் என்கிறது" என்ற ஒரே கேள்விதான். மாதம் ஐந்தாயிரம் பிரதி விற்பவர்களுக்கு அது சரிப்படலாம். ஐம்பது விற்கும் நமக்கு வேண்டாம்.

பெயரை எழுதுங்கள், மூன்று இடங்களில்

முதலில் உங்கள் பெயர். முன்னட்டையில் மட்டும் போட்டால் என் முதல் பக்கத்துக்கு நேர்ந்த கதிதான் நேரும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிறிய எழுத்தில் தலைப்பு, ஆசிரியர் பெயர், 'வாங்கியவரின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். ஒரு பிரதி அச்சிட்டுக்கொள்ளலாம்' என்ற நிபந்தனை ஆகியவை இருக்கட்டும். 65பி என்ற பிரிவின்படி இந்த விவரங்களைத் தெரிந்தே நீக்குவது தனிக்குற்றம். ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். ஆசிரியர் பெயரும் நிபந்தனையும் அந்தப் பிரிவின் பாதுகாப்பில் வருகின்றன. பயனரை அடையாளம் காட்டுவதற்கென்றே செய்யும் ஏற்பாட்டைச் சட்டம் அந்த வரையறையிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. ஆகவே வாங்கியவர் பெயரை மட்டும் போட்டு உங்கள் பெயரை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வாங்கியவரின் பெயர். லிப்ரேஆபீஸின் அதே ஏற்றுமதிச் சாளரத்தில் வாட்டர்மார்க் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பெயரையும் வரிசை எண்ணையும் தட்டச்சு செய்தால் எல்லாப் பக்கத்திலும் மங்கலாக விழும். நாளொன்றுக்கு நாலைந்து விற்பனை என்றால் கையாலேயே செய்துவிடலாம். அதற்கு மேல் போனால், பெயர்களை ஒரு விரிதாளில் வைத்து மெயில் மெர்ஜ் என்ற, பெயர்களைத் தானாக நிரப்பும் வசதி மூலம் ஆளுக்கொரு கோப்பாக எடுக்கலாம். சில விற்பனைத் தளங்கள், பணம் வந்ததுமே வாங்கியவரின் மின்னஞ்சலைப் பக்கங்களில் தாமாகவே முத்திரையிட்டு அனுப்பிவிடுகின்றன.

கைபேசி எண்ணை முழுதாக அச்சிடாதீர்கள். கோப்பு கசிந்தால் அந்த எண்ணும் கூடவே ஊர் சுற்றும். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணின் எண்ணை நம் கையாலேயே தெருவில் விட்டதாகிவிடும். பெயரும் வரிசை எண்ணும் போதும். பெயர் அச்சாகும் என்பதை வாங்குவதற்கு முன்பே பணம் கட்டும் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வரி, பூட்டு செய்யாத வேலையைச் செய்கிறது. தன் பெயர் போட்ட நோட்டை எவரும் எளிதில் தூக்கிக்கொடுப்பதில்லை.

மூன்றாவது இடம் கண்ணுக்குத் தெரியாதது. வாட்டர்மார்க்கை நீக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக இது. உங்கள் உரையில் பத்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஓரிடத்தில் 'எனவே' அல்லது 'ஆகவே'. இன்னோரிடத்தில் 'முதலில்' அல்லது 'முதலாவதாக'. மற்றோரிடத்தில் 'கூறுகிறார்' அல்லது 'சொல்கிறார்'. ஓர் இடத்துக்கு இரண்டு வாய்ப்பு என்றால் பத்து இடத்துக்கு 1,024 வேறுபட்ட பிரதிகள் கிடைக்கும். எந்தப் பிரதி யாருக்குப் போனது என்பதை விரிதாளில் குறித்துவையுங்கள். ஜெராக்ஸ் எடுத்தாலும் இது நிற்கும், மறுபடி தட்டச்சு செய்தாலும் பெரும்பாலும் நிற்கும். தமிழுக்கு இருக்கும் சொல்வளம் வியாபாரத்துக்கும் உதவும் என்று என் தமிழாசிரியை கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். தகவலில் மட்டும் கைவைக்காதீர்கள். பாடல் எண்ணை மாற்றி வைத்தால் தேர்வில் மதிப்பெண் இழப்பது உங்கள் மாணவர்தான்.

அனுப்பும் வழி

வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பாதீர்கள். ஒரே தொடுதலில் பத்துப் பேருக்குப் போய்விடும். முதல் வருடம் நான் செய்த பெரிய தவறு கூகுள் டிரைவில். 'இணைப்பு வைத்திருக்கும் எவரும்' என்று விட்டுவிட்டு, அந்த ஒரே இணைப்பை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். டிரைவைப் பயன்படுத்துவதானால் வாங்கியவரின் மின்னஞ்சலை ஒவ்வொன்றாகச் சேருங்கள். பார்வையாளர்கள் பதிவிறக்கவும் அச்சிடவும் நகலெடுக்கவும் கூடாது என்ற அமைப்பும் அங்கே உண்டு; மாதிரிப் பக்கங்களைக் காட்ட அது போதும்.

வேர்ட்பிரஸ் தளத்தில் வூகாமர்ஸ் என்ற இணையக்கடைச் செருகுநிரலை வைத்திருப்பவர்கள் எத்தனை முறை பதிவிறக்கலாம், எத்தனை நாளில் இணைப்பு காலாவதியாகும் என்ற இரண்டையும் நிரப்புங்கள். நான் மூன்று முறை, ஏழு நாள் என்று வைத்திருக்கிறேன். ஒரு முறை என்று கறாராக வைத்தால், பாதியில் அறுந்த பதிவிறக்கத்துக்காக இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி வரும்.

விரிதாளில் தேதி, வரிசை எண், பெயர், மின்னஞ்சல், யுபிஐ பரிவர்த்தனை எண் ஆகியவற்றை விற்ற அன்றே எழுதிவிடுங்கள். பின்னாளில் உங்களிடம் இருக்கப்போகும் சாட்சியம் இதுதான்.

கோப்போடு சேர்த்து, கோப்பில் இல்லாத ஒன்றையும் விற்றுப் பாருங்கள். என்னிடம் வரிசை எண் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு விடை எழுதி அனுப்பினால் திருத்தித் தருகிறேன். 600க்கும் 180க்கும் நடுவே இருக்கும் 420 ரூபாய் எதற்கு என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

கசிந்த பிறகு

உங்கள் நடையில் மட்டுமே வரக்கூடிய ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு மாதம் ஒருமுறை தேடுங்கள். டெலிகிராமுக்குள் பாடப்பெயரைப் போட்டுத் தனியாகத் தேடுங்கள். எதையாவது பார்த்துவிட்டால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள், அழித்துவிட்டு மறைந்துவிடுவார்கள். முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோப்பையும் பதிவிறக்கி வையுங்கள். கடையில் பார்த்தால் ஒரு பிரதி வாங்குங்கள், யுபிஐயில் பணம் கட்டி. பில் கேட்டால் தர மாட்டார்கள். யுபிஐ பதிவில் கடையின் பெயரும் நேரமும் தொகையும் தாமாகவே நிற்கும். ரொக்கமாகக் கொடுத்த என்னிடம் ஒன்றுமில்லாமல் போனது.

சென்ற ஆண்டு ஒரு டெலிகிராம் குழுவில் என் புதிய பதிப்பு வந்தது. எல்லாப் பக்கத்திலும் பெயரின்மேல் வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தார்கள். 83ஆம் பக்கம் மட்டும் அகலவாக்கில் திருப்பிப் போட்ட அட்டவணை. பட்டை அங்கே பக்கவாட்டில் விலகிப்போய், 114 என்ற எண் பளிச்சென்று தெரிந்தது. விரிதாளைப் பார்த்தேன், திருநெல்வேலிப் பையன். அழைத்தேன்.

"அக்கா, சத்தியமாக நான் குழுவில் போடவில்லை. அறையில் கூட இருந்தவனுக்குத்தான் கொடுத்தேன்."

"சரி தம்பி. அவனிடம் சொல்லி இன்றைக்குள் எடுக்கச் சொல். நாளைக் காலையில் நான் பார்ப்பேன்."

இரவு எட்டு மணிக்கே எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான கசிவுகள் இப்படித்தான், திருட்டு என்று நினைக்காமலே நடப்பவை. சொந்தப் படிப்புக்காக ஒருவர் நியாயமான அளவில் நகலெடுத்துக்கொள்வதைச் சட்டமே 52ஆம் பிரிவில் விட்டுக்கொடுத்திருக்கிறது. அவர்களைத் துரத்தாதீர்கள்.

பேச்சுக்கு மசியாதவர்களுக்கு அறிவிப்பு. கோப்பு இருக்கும் தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பினால், 2013ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் 21 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவராவிட்டால் அவர்கள் திரும்பத் திறந்துவிடலாம். வழக்குத் தொடருவேன் என்று அந்தப் புகாரிலேயே நீங்கள் உறுதி கொடுக்கவும் வேண்டும். யோசித்து அனுப்புங்கள். வழக்கு என்று வந்தால் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், எதிராளி சென்னையில் இருந்தாலும் சரி. மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவின்படி ஒரு சான்றிதழும் வேண்டும், வழக்கறிஞரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

டெலிகிராமில் பெயர் மறைந்திருப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்பவர்களுக்கு: போட்டித் தேர்வுப் பயிற்சியாளர் நீது சிங் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்ட் 30 அன்று, அவருடைய பாடங்களைப் பரப்பிய சேனல்களை நடத்தியவர்களின் எண்களையும் ஐபி முகவரிகளையும் தரும்படி டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. தரவு சிங்கப்பூரில் இருக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை. விவரங்கள் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தன.

ஜெராக்ஸ் கடைக்காரர்கள் வேறொரு தீர்ப்பைச் சொல்வார்கள். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடைமீது பெரிய பதிப்பகங்கள் போட்ட வழக்கு 2016 செப்டம்பரில் தள்ளுபடியானது உண்மைதான். அதே டிசம்பரில் மேல்முறையீட்டில் வழக்கு மறுபடி உயிர்பெற்றது, 2017இல் பதிப்பகங்களே அதைத் திரும்பப் பெற்றன. அது ஆசிரியர் தம் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொகுத்த பாடப்பொதிகளைப் பற்றியது. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் முழுப் புத்தகத்தை ஸ்பைரல் போட்டு விற்பதற்கு அதில் இடமில்லை.

நான் இதையெல்லாம் அச்சிட்டு எடுத்துக்கொண்டுதான் படா பஜார் சாலைக்குத் திரும்பப் போனேன், இந்த முறை யுபிஐயில் இன்னொரு பிரதி வாங்கிய பிறகு. கடை முதலாளி பிழை இருந்த 47ஆம் பக்கத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மிச்சமிருந்த பிரதிகளைக் கம்பியிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தார். பிறகு தேநீர் வரவழைத்துவிட்டு, "பிள்ளைகளுக்குக் காகிதத்தில் வேண்டும் தீதி. நீங்கள் கொடுக்கவில்லை, அதனால் நான் கொடுத்தேன்" என்றார்.

கோபம் வந்தது. ஆனால் மறுக்க முடியவில்லை. இப்போது நானே அச்சிட்ட பிரதி, வரிசை எண்ணுடன், 350 ரூபாய்க்கு அதே கம்பியில் தொங்குகிறது. ஒன்றுக்கு 50 ரூபாய் அவருக்கு. 47ஆம் பக்கத்தில் ஐங்குறுநூறு சரியாக இருக்கிறது.